அடிபட்ட பல்லுக்குள் மறுபடி ரத்தம் ஓடுமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

எட்டரை வயது மகனைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே எக்ஸ்ரே படங்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு பையன் ஓடி விளையாடும்போது முகம் குப்புற விழுந்திருக்கிறான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் அடி. இடது பல் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வலது பல் இடம் மாறவில்லை, கொஞ்சம் ஆடியது, ஈறோரம் ரத்தம் கசிந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே பல் மருத்துவர் இடது பல்லைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டி, நான்கு வாரம் கழித்து எடுத்துவிட்டார். அப்புறம் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாக இடது பல் மங்கிச் சாம்பல் கலந்தாற்போல் தெரிகிறது, அதற்கு மேலே ஈறில் பரு மாதிரி ஒரு சின்னக் கொப்புளம். ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்ததும் அமுங்கியது, இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. வலி கிடையாது. வலது பல்லில் எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் குளிர்ச்சி வைத்துச் சோதித்தால் பையன் ஒன்றும் தெரியவில்லை என்கிறான்.

இப்போது ஆளுக்கொரு யோசனை. முதல் மருத்துவர், பல்லுக்குள் சுத்தம் செய்து, வேர் நுனியிலிருந்து ரத்தம் வரவழைத்து உள்ளே உறையவிட்டால் புதுத் திசு வளரும் என்கிறார். இரண்டாமவர் அதெல்லாம் நிச்சயமில்லை, வேர் நுனியைச் சிமெண்ட் வைத்து அடைத்து நிரப்பிவிடலாம் என்கிறார். நாத்தனார், ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டது, பால் பல்லை எடுத்துச் சேமித்துவை, இரண்டு வருடம் பொறு என்கிறார். கணவர், வலியே இல்லாத பல்லை எதற்குக் குடைய வேண்டும் என்கிறார். இன்னும் ஒருவர், எதற்கு வம்பு, இரண்டு பல்லுக்கும் ரூட் கேனால் செய்துவிடு என்றிருக்கிறார். கடைசி வரியில் அந்தத் தாய் கேட்டிருப்பது: "நான் தாமதம் செய்ததால்தான் நரம்பு செத்துப்போனதா, அது திரும்ப வருமா?"

அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். இடது பல்லுக்கு இனி காத்திருக்க வேண்டாம். வலது பல்லை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரே நாளில் ஒரே அடி பட்ட இரண்டு பற்களுக்கு எதிரெதிரான யோசனை சொல்வது விநோதமாகத் தெரியலாம், ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. விழுந்த அன்று எடுத்ததையும் போன வாரம் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது பல்லின் வேர் இந்த ஐந்து மாதத்தில் கொஞ்சம் நீண்டிருக்கிறது, நடுவில் கருப்பாகத் தெரியும் கால்வாயும் ஒரு நூல் அளவு ஒடுங்கியிருக்கிறது. இடது பல்லின் வேர் அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது, நுனியைச் சுற்றி எலும்பில் ஒரு கருநிழல். ஒரு பல் வளர்ந்துகொண்டிருக்கிறது, இன்னொன்று நின்றுவிட்டது. குளிர்ச்சிச் சோதனையை விட இதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

உங்கள் தாமதத்தைப் பற்றி. முதல் மூன்று நான்கு மாதம் காத்திருந்தது தாமதமே இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். இந்த வயதில் வேர் முற்றாத பல்லுக்கு அடிபட்டால் அவசரப்பட்டு உள்ளே கை வைக்கக் கூடாது என்றுதான் பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏடிடியின் 2020 வழிகாட்டியும் சொல்கிறது. ஏனென்றால் தானாகவே உள்ளே ரத்த ஓட்டம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. கொப்புளம் வந்த அன்றுதான் காத்திருப்பதற்கான காலம் முடிந்தது. ஆக நீங்கள் தாமதித்தது என்று பார்த்தால் இந்த ஒரு மாதம்தான், அதிலும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நீங்களாக ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை.

உள்ளே என்ன நடந்தது

மேல் நடு முன்பற்கள் ஏழு எட்டு வயதில் முளைக்கின்றன, வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட அதற்கப்புறமும் இரண்டு மூன்று வருடம் ஆகும். உங்கள் பையன் அந்த இடைக்காலத்தில் இருக்கிறான். பெரியவர்களின் முன்பல்லில் வேர் நுனித் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இவனுக்கு அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வாய் திறந்தபடி இருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் மென்மையான திசுவுக்கு, அதாவது பல்கூழுக்கு, ரத்தம் போக அந்த நுனி ஒன்றுதான் வழி. பல் சாய்ந்தபோது அங்கே ரத்த நாளங்கள் அறுந்துபோயின.

அறுந்தால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆக்ஸிஜன் கிடைக்காத செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை வெளியிடும். அது சுற்றியுள்ள திசுவில் இருக்கும் நுண்ணிய ரத்த நாளங்களுக்கு, இந்தப் பக்கம் கிளை விடு என்று சொல்லும் ரசாயனச் செய்தி. நாளத்தின் உள்சுவர்ச் செல்கள் அந்தச் செய்தி வரும் திசையை நோக்கி நகர்ந்து, பெருகி, குழாயாக மாறி, வேர் நுனி வழியாக உள்ளே ஏறும். சில நேரம் அறுந்த பழைய நாளங்களோடு நேராகப் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு. விலங்குகளில் பார்த்த கணக்குப்படி ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஏறும். உள்ளே உயிரிழந்து கிடக்கும் பழைய திசு, கிருமி படாமல் இருந்தால், கொடி ஏற ஒரு பந்தல் கிடைத்த மாதிரி உதவும். முழுதாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்த பல்லைத் திருப்பி வைத்ததிலேயே இது நடந்திருக்கிறது: டென்மார்க்கின் ஆண்ட்ரியாசன் குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வில், வேர் முற்றாத 94 பற்களில் 34 சதவீதத்தில் உள்ளே ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. சாய்ந்த பல்லுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு உண்டு.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான், கிருமி. பல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகவோ, அடிபட்ட ஈறோரத்து இடுக்கு வழியாகவோ, ரத்த நாளம் மேலே வந்து சேர்வதற்குள் கிருமி உள்ளே நுழைந்துவிட்டால் அந்தத் திசு அழுகிவிடும். அழுகிய இடத்தில் புது நாளம் ஏறாது. உங்கள் பையனின் இடது பல்லில் நடந்தது இதுதான், இதை நீங்கள் வீட்டில் இருந்து தடுத்திருக்க முடியாது.

மாத்திரை ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இதிலேயே வந்துவிட்டது. மாத்திரையில் உள்ள மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அந்தப் பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. வெளியே எலும்பில் இருந்த வீக்கத்தை மாத்திரை அடக்கியது, கிருமி குடியிருக்கும் இடத்தை அது தொடக்கூட இல்லை. அதனால் இன்னொரு கோர்ஸ் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, வேண்டாம். காய்ச்சலோ முகவீக்கமோ வந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். வலி இல்லாததற்குக் காரணம் அந்தக் கொப்புளமே, சீழ் அதன் வழியாக வடிந்துவிடுவதால் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. பல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதுவும் சின்ன வயதுப் பல்லில் டென்டினில், அதாவது எனாமலுக்கு உள்ளே பல்லின் சுவராக இருக்கும் கெட்டிப் பகுதியில், உள்ள நுண்குழாய்கள் அகலமானவை, உள்ளேயிருக்கும் கிருமியின் நச்சு அவற்றின் வழியாக வேரின் வெளிப்பக்கத்துக்குப் போய், வேரையே உடம்பு அரித்துக் கரைக்க ஆரம்பித்துவிடும். அந்த அரிப்பு சில வாரங்களிலேயே படத்தில் தெரிகிற அளவுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் படத்தில் அது இன்னும் தெரியவில்லை. தெரிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவோம்.

இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியான சிகிச்சையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஏமாற்றுகிறாரோ என்ற உங்கள் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். வழக்கமான ரூட் கேனால் இந்தப் பல்லுக்குச் சரிவராது, நுனி திறந்து கிடப்பதால் உள்ளே வைக்கும் பொருள் வெளியே போய்விடும் என்பதில் இருவருமே ஒத்துப்போகிறார்கள்.

இரண்டாமவர் சொல்வது, எம்டிஏ போன்ற, உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஒரு பயோசெராமிக் சிமெண்டால் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் அடைத்துவிட்டு மீதியை நிரப்புவது. எம்டிஏ 1990-களில் டொராபினெஜாட் குழு கலிபோர்னியாவில் உருவாக்கியது, நம்பகமான பொருள். அதற்கு முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமியடக்கும் மருந்தை வைத்து ஒரு வருடம் வரைக்கும்கூட மாற்றி மாற்றிக் காத்திருப்போம், அவ்வளவு நாள் வைத்தால் டென்டின் வலுவிழக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் குறைந்தது. சிமெண்ட் அடைப்பு ஒன்றிரண்டு தடவையில் முடியும், தொற்று ஆறுவதில் பலன் நன்றாக இருக்கிறது. அதன் குறை, வேர் இப்போது எவ்வளவு நீளமோ எவ்வளவு மெல்லியதோ அப்படியே வாழ்நாள் முழுக்க நிற்கும். எட்டரை வயதில் நின்றுபோன வேரின் சுவர் காகிதம்போல இருக்கும் என்பதால், பல்லின் கழுத்துப் பகுதியில், அதாவது ஈறோரத்தில், பின்னால் ஒரு நாள் ஒடிந்துவிடும் அபாயம் உண்டு.

முதல் மருத்துவர் சொல்வதைத்தான் ரீவாஸ்குலரைசேஷன் என்கிறோம், மறுபடி ரத்த ஓட்டம் ஏற்படுத்துவது. 1961-லேயே நார்வேயின் நைகார்டு-ஓஸ்ட்பி, பல் கால்வாய்க்குள் ரத்தம் உறைந்தால் திசு வளருமா என்று முயன்று பார்த்தார். அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. 2001-ல் ஜப்பானில் இவாயா குழுவும், 2004-ல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் சீழ் வைத்த, வேர் முற்றாத பல்லிலேயே இது நடப்பதைக் காட்டியபின்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடிப்படை யோசனை எளிது: இயற்கையாக நடந்திருக்க வேண்டியதைக் கிருமி கெடுத்துவிட்டது, கிருமியை எடுத்துவிட்டு அதே வாய்ப்பை மறுபடி உண்டாக்கு.

எப்படிச் செய்வார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பையனுக்கும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். முதல் தடவை பல்லின் உள்பக்கம் சின்னதாகத் துளையிட்டு, குறைந்த வீரியத்தில், சுமார் ஒன்றரை சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிகொல்லித் திரவத்தால் மெதுவாக நிறையக் கழுவுவார்கள். வழக்கமான ரூட் கேனாலில் செய்வதுபோல் ஃபைல் என்ற அரம் போன்ற மெல்லிய ஊசி வைத்துச் சுரண்ட மாட்டார்கள், சுவர் ஏற்கெனவே மெல்லியது. வீரியம் குறைப்பதற்கும் காரணம் உண்டு, வேர் நுனியில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய ஸ்டெம் செல்களை, அதாவது புதுத் திசுவாக மாறக்கூடிய மூலச் செல்களை, அது கொன்றுவிடக் கூடாது. பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து மூடி, ஒன்றிலிருந்து நான்கு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். கொப்புளம் மறைந்திருந்தால்தான் அடுத்த கட்டம், மறையவில்லையென்றால் திரும்பக் கழுவி மருந்து வைப்பார்கள், அதற்காகப் பதற வேண்டாம்.

இரண்டாவது தடவைதான் முக்கியம். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அட்ரினலின் சேராத ஊசி, ஏனென்றால் அட்ரினலின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடும், நமக்கோ ரத்தம் வேண்டும். ஈடிடிஏ என்ற திரவத்தால் கழுவுவார்கள், அது டென்டின் சுவரின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து, பல் உருவான காலத்திலிருந்து அதற்குள் பூட்டிக் கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளிக்கொண்டு வரும், அந்த வி.இ.ஜி.எஃப். உட்பட. பிறகு ஒரு நுண்ணிய ஃபைலை நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் அப்பால் கொண்டுபோய்த் திசுவைக் கிளறுவார்கள். அந்த அட்ரினலின் இல்லாத ஊசி அவ்வளவு ஆழமாக மரக்கடிக்காது, அதனால் அந்தக் கணத்தில் பையனுக்குச் சுருக்கென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரத்தம் கால்வாயில் மெதுவாக ஏறிவரும். ஈறு மட்டத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே அதை நிறுத்தி, ஜெல்லி மாதிரி உறையும் வரை பொறுத்திருந்து, அதன்மேல் கரைந்துபோகும் ஒரு கொலாஜன் துண்டும் சிமெண்டும் வைத்து, கடைசியாகப் பல் நிறப் பூச்சால் மூடிவிடுவார்கள். எல்லாம் நன்றாக அமைந்தாலும் கடைசியில் தீர்மானிப்பது அந்த மூடி கசியாமல் இருப்பதுதான், இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள்.

இரண்டில் என் தேர்வு முதலாவது. உங்கள் பையனின் வேர் சரிபாதிகூட வளரவில்லை, சுவர் மிக மெல்லியது, வேரைத் தடிமனாக்கக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் முயல வேண்டிய நிலை. அதோடு, இது கைகூடாவிட்டால் பின்னால் சிமெண்ட் அடைப்புக்குப் போகலாம், வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். சிமெண்ட் வைத்த பிறகு இதற்குத் திரும்ப முடியாது. ஆனால் ஒன்று: இந்தச் சிகிச்சை செய்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் செய்யாமலே இருந்திருக்கலாம். வருடக்கணக்கில் தவறாமல் போக முடியாத குடும்பச் சூழல் என்றால் இரண்டாம் மருத்துவர் சொல்வதே உங்களுக்குப் பொருத்தம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நரம்பு திரும்ப வருமா?

இதில்தான் நிறையப் பேர் அதிகம் எதிர்பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள், முதல் மருத்துவர் எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை, அதனால் நானே நேராகச் சொல்கிறேன். உள்ளே வளர்வது உயிருள்ள திசு, அதில் ரத்த நாளங்கள் ஓடும். ஆனால் அது பழைய பல்கூழ் இல்லை. இப்படிச் சிகிச்சை செய்து, பின்னால் வேறு காரணத்துக்காக எடுக்க நேர்ந்த பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலும் இருந்தது வேரை மூடியிருக்கும் சிமென்டம் போன்ற பொருளும், எலும்பு போன்ற பொருளும், பல்லை எலும்போடு பிணைக்கும் திசு போன்ற நாரும்தான். டென்டினை வரிசையாக உருவாக்கும் ஓடான்டோபிளாஸ்ட் செல்களைக் காண்பது அரிது. புனர்ஜென்மம் என்பதை விடப் பழுதுபார்ப்பு என்பதே பொருத்தம். பழுதுபார்ப்பும் நல்லதுதான், கிருமியோடு போராட அங்கே ரத்தம் இருக்கிறதே.

பல் வேர் சிகிச்சை நிபுணர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோடான்டிக்ஸ் சங்கம் எதிர்பார்ப்புகளை மூன்று படியாக வைத்திருக்கிறது. முதலில் தொற்று போய் எலும்பு ஆற வேண்டும், இது இல்லையென்றால் தோல்வி. இரண்டாவது, வேர்ச் சுவர் தடிப்பதும் நீள்வதும், இது விரும்பத்தக்கது, கட்டாயம் இல்லை. மூன்றாவது, சோதனைக்குப் பல் உணர்ச்சி காட்டுவது, இது கிடைத்தால் லாபம். எலும்பு நிழல் மறைய ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் ஆகும், சுவர் தடிப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தெரியும். அடிபட்ட பற்களில் இந்த இரண்டாம் படி மற்றப் பற்களை விடக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கிறது, ஏனென்றால் வேர் எப்படி வளர வேண்டும் என்று வடிவம் கொடுக்கும் உறை அந்த அடியிலேயே சிதைந்திருக்கலாம்.

கெடுதல்களும் உண்டு. பல் நிறம் மாறலாம், அதுவும் மினோசைக்ளின் சேர்ந்த மூன்று ஆன்டிபயாடிக் பசை வைத்தால் கருத்துவிடும், அதனால்தான் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும் என்கிறேன். சிமெண்டிலும் பல்லைக் கருக்காத வகை இருக்கிறதா என்று கேளுங்கள். கிளறினாலும் ரத்தம் போதுமான அளவு வராமல் போகலாம். கால்வாய் வருடங்கள் போனபின் கெட்டியாக அடைத்துக்கொள்ளலாம், அப்போது தொற்று திரும்பினால் உள்ளே போவது சிரமம். சில பற்களில் இரண்டு மூன்று வருடம் கழித்தும் தொற்று திரும்பியிருக்கிறது.

நாத்தனார் சொன்ன ஸ்டெம் செல்

அவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. 2018-ல் சீன ஆய்வாளர்கள், அடிபட்டு இறந்த முன்பற்கள் கொண்ட குழந்தைகளுக்கு அவரவர் பால் பல்லின் ஸ்டெம் செல்களை வளர்த்து உள்ளே வைத்தார்கள், ஒரு வருடத்தில் ரத்த நாளமும் உணர்ச்சி நரம்பும் கொண்ட பல்கூழ் உருவானதாக வெளியிட்டார்கள். 26 குழந்தைகளுக்கு அந்தச் சிகிச்சை, ஒப்பிட 10 குழந்தைகளுக்குப் பழைய முறை. அதற்கு முந்தைய வருடம் ஜப்பானில் நகாஷிமா குழு ஐந்து பெரியவர்களிடம் இதே வகையில் முயன்றது. நம்பிக்கை தரும் வேலைகள், சந்தேகமில்லை. ஆனால் செல்லை வளர்க்கத் தனி ஆய்வுக்கூடம் வேண்டும், எண்ணிக்கையும் சிறியது, வழக்கமான சிகிச்சையாக இன்னும் மாறவில்லை. அதற்காக இரண்டு வருடம் பொறுத்தால் அந்தப் பல் இருக்காது. ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் மருந்து என்று நீங்கள் கேட்டது வேறு கதை: 2024-ல் கியோட்டோவில் மனிதர்களிடம் சோதனை தொடங்கிய அந்த மருந்து, பல் இல்லாத இடத்தில் புதுப் பல் முளைக்க வைக்கும் முயற்சி, உங்கள் பையனின் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

பால் பல்லைச் சேமிப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. தானாக ஆடி விழும் பல்லில் வேர் கரைந்து, உள்ளே உயிருள்ள திசு சொற்பமாகத்தான் இருக்கும். அதற்காக உறுதியாக நிற்கும் பால் பல்லைப் பிடுங்கினால், கீழே வரப்போகும் பல்லுக்கான இடம் சுருங்கிவிடும். வேண்டாம். ஸ்டெம் செல் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை: வேர் நுனியைக் கிளறி வரவழைக்கும் அந்த ரத்தத்தில், சாதாரண ரத்தத்தில் இருப்பதை விடப் பல நூறு மடங்கு ஸ்டெம் செல் அடையாளங்கள் இருப்பதை 2011-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பையனின் சொந்த ஸ்டெம் செல் அவன் வேர் நுனியிலேயே இருக்கிறது, அதைத்தான் முதல் மருத்துவர் பயன்படுத்தப் போகிறார். கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சுழற்றி, பிஆர்எஃப் என்ற ரத்தத் தட்டணுச் செறிவை வைப்பதைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். உள்ளே ரத்தம் வராதபோது அது கைகொடுக்கும், வந்தால் அவசியமில்லை.

வலது பல்லை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறேன்

குளிர்ச்சிச் சோதனை நரம்பைத்தான் கேட்கிறது, ரத்த ஓட்டத்தைக் கேட்பதில்லை. அடிபட்ட பல்லில் நரம்பு மூன்று மாதம் வரைக்கும், சில நேரம் அதற்கு மேலும்கூட, சும்மா மயங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு, இந்த வயதில் அடியே படாத பல்லிலும் நரம்பு வலைப்பின்னல் முழுதாக அமைந்திருக்காது, ஆரோக்கியமான பையன்களே "தெரியலை" என்பார்கள். அதனால்தான் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துப் பல் இறந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, குறைந்தது இரண்டு அடையாளங்களாவது சேர வேண்டும் என்கிறார்கள். இடது பல்லில் கொப்புளம், எலும்பு நிழல், நின்றுபோன வேர் எல்லாம் இருக்கின்றன. வலது பல்லில் ஒன்றே ஒன்று, அதுவும் நம்ப முடியாத ஒன்று, அதற்கு எதிராக, இதே பல்லின் வேர் வளர்ந்திருக்கிறது என்ற உறுதியான சாட்சி. உயிரோடு வேரை வளர்த்துக்கொண்டிருக்கும் திசுவை ரூட் கேனால் என்று வெளியே எடுப்பது பெரிய அநியாயம்.

இந்தப் பல் பின்னால் கொஞ்சம் மஞ்சளாக மாறினாலோ, படத்தில் கால்வாய் ஒடுங்கிக்கொண்டே போனாலோ பயப்படாதீர்கள், அது உள்ளே திசு உயிரோடு இருந்து வேலை செய்வதன் அடையாளம், பெரும்பாலான பற்களுக்கு அதற்காகச் சிகிச்சையே தேவைப்படாது. கொப்புளம், வீக்கம், தட்டினால் வலி, அல்லது அடுத்த படத்தில் வேர் வளராமல் நிற்பது, இவற்றில் ஏதாவது வந்தால் அப்போது யோசிக்கலாம்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

மருத்துவரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. என்ன செய்யப் போகிறார், வேறு வழி என்ன, எது தவறாகப் போகலாம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸ்ரே படங்களின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள், இந்தப் பல்லுக்குப் பத்து வருடம் கழித்தும் விழுந்த அன்றைய படம் தேவைப்படும். இதற்கு முன் இந்தச் சிகிச்சை செய்திருக்கிறாரா, ரப்பர் டேம் கட்டிச் செய்வாரா, என்ன மருந்து வைப்பார், ரத்தம் வரவில்லை என்றால் அடுத்து என்ன செய்வார், இந்த நான்கையும் கேளுங்கள். ரப்பர் டேம் என்பது எச்சில் உள்ளே போகாமல் பல்லைத் தனியாகப் பிரிக்கும் ரப்பர் துணி, அது இல்லாமல் இந்தச் சிகிச்சையைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் மூன்று மாதத்தில் ஒரு முறை காட்டுங்கள், பிறகு ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கப்புறமும் சில வருடங்களுக்கு வருடம் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பற்களையும் சேர்த்து ஒரே கோணத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஒப்பிட அதுதான் வசதி. கொப்புளத்தை வீட்டில் கிள்ளவோ அமுக்கவோ கூடாது. முன்பல்லால் கெட்டியானதைக் கடித்து இழுக்க வேண்டாம், விளையாடப் போகும்போது வாய்க்குப் பல்காப்பு போட்டு அனுப்புங்கள், ஏனென்றால் மெல்லிய வேருக்கு இன்னொரு அடி தாங்காது. பல் வரிசையைச் சீராக்கும் கிளிப் எல்லாம் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்.

எல்லாம் செய்தும் பல் தங்காமல் போனால் என்ற கேள்வியும் கடிதத்தில் இருந்தது. வளரும் பையனுக்கு இம்பிளான்ட் வைக்க முடியாது, தாடை வளர்ச்சி முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இந்தப் பல் அங்கே நின்றாலே அந்த இடத்து எலும்பு கரையாமல் இருக்கும், ஆக இருபது வயதுவரை தாக்குப்பிடித்தாலும் அது வீண் சிகிச்சை இல்லை.

இந்த வாரமே முதல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மருந்து வைத்து நான்கு வாரம் ஆகியும் கொப்புளம் அப்படியே இருந்தால், அல்லது வலது பல்லின் அடுத்த படத்தில் வேர் நின்றுபோனது போல் தெரிந்தால், புதுப் படங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.